அரை ஸ்பூன், இடது பக்கம்

என் மனைவிக்குப் புரையேறும் நேரங்களை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறிக்க ஆரம்பித்தது, அவளை யார் இத்தனை தடவை நினைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான்.

எங்கள் வீட்டில் ஒருவருக்குப் புரையேறினால், பக்கத்தில் இருப்பவர் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, யாரோ நினைக்கிறாங்க என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுப்பார். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. அவளுக்கு மறதி நோய் வந்த மூன்றாம் வருடம், சாப்பாட்டு நேரத்தில் இந்த இருமல் கூடியது. நானும் தட்டினேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் நினைக்கிறான் என்றேன். மகனின் பெயர் அவளுக்கு அப்போதே மறந்திருந்தது. ஆனாலும் கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, லேசாகச் சிரிப்பாள். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலை இட்லிக்கு ஐந்து, மதியம் ரசம் சாதத்துக்கு ஒன்பது, சாயங்காலக் காபிக்கு நான்கு. மொத்தம் பதினெட்டு. தலையில் முப்பத்தாறு தட்டு. ஒரே நாளில் பதினெட்டு தடவை நினைக்கும் அளவுக்கு எங்களுக்கு ஜனம் கிடையாது. சந்தேகம் வந்து மகனுக்குப் போன் செய்து, காலை எட்டு இருபதுக்கு அம்மாவை நினைத்தாயா என்று கேட்டேன்.

"ஓவர்டைம் குடுத்தா நினைக்கறேன் நைனா," என்றான். ஷிஃப்ட் முடித்துப் படுத்தவனின் குரல். பிறகு, "அம்மா நல்லாத்தான இருக்குது?" என்றான்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நான் எண்ணியே பிழைத்தவன். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். தட்டில் வரும் பாகங்களை அளந்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை இன்னொரு பக்கமும் போடுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு மூக்கண்டப்பள்ளியில் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவர். வாசலிலிருந்து கட்டில் வரை பதினான்கு காலடி. கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒன்பது. அவள் விழுந்து விடாமல் இருக்க இதையெல்லாம் எண்ணி வைத்திருந்தேன். விழுங்குவதை எண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தோன்றாததற்குக் காரணம் அவள்தான். நான் திருச்சிப் பக்கம், அரிசிச் சோறு தின்று வளர்ந்தவன். அவள் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ராகிக் களி போட்டார்கள். நான் அதை வாயில் வைத்து மென்றுகொண்டே இருந்தேன். களி பல்லில் ஒட்டியது. அவள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான்.

"களிய மென்னு திங்கற ஆம்பளய இப்பத்தாங்க பாக்கறேன். உருட்டி, கொழம்புல பொரட்டி, உள்ள தள்ளுங்க. தொண்டைக்குத் தெரியும்."

அவள் எலுமிச்சை அளவு உருண்டையை ஒரே விழுங்கில் இறக்குவாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவளுக்குத் தொண்டை மறந்து போகும் என்று எந்த மனிதன் நினைப்பான்? பெயர் மறக்கும், வழி மறக்கும், அடுப்பை அணைக்க மறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைச் சொல்லவில்லை.

அந்த வருடம் அவள் எடை நாற்பத்தொன்பது கிலோவிலிருந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. இரண்டு முறை சளிக் காய்ச்சல். மூன்று ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கினேன், ஐந்து டாக்டர்களைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று நான்கு பேர் சொன்னார்கள். ஐந்தாமவர் சின்ன வயது. விழுங்குவதைப் பரிசோதித்துப் பயிற்சி கொடுக்கவே படித்தவர்கள் இருக்கிறார்கள், பெங்களூரில் கிடைப்பார்கள், இந்தப் பக்கம் ஒருவரையும் தனக்குத் தெரியாது என்றார். வெளியே நூறு பேர் நின்றார்கள். என் காகிதத்தின் பின்பக்கம் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டு வாசலில் நின்றால் பெங்களூருக்குப் போகும் லாரிச் சத்தம் கேட்கும். ராயக்கோட்டைத் தக்காளி தினமும் போகிறது. கம்பெனி பஸ்கள் போகின்றன, வருகின்றன. நாற்பது கிலோமீட்டர்தான். விழுங்கச் சொல்லித்தரும் ஆள் மட்டும் அங்கிருந்து இங்கே வருவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. வந்துகொண்டுதான் இருந்தார். வியாழக்கிழமை தோறும், எங்களுக்குத் தெரியாத ஒரு வீட்டுக்கு.

இதை எனக்குச் சொன்னவள் எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் பெண். முப்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், கடையில் தெலுங்கு பேசுவாள். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஓர் அபார்ட்மெண்டில், பணக்கார வீட்டு அம்மாள் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அந்த அம்மாளுக்கும் இதே மறதி, கூடவே பக்கவாதம். என் மனைவியைத் தூக்கி உட்கார வைக்க எனக்கு முடியாதபோது இவள் வேலைக்குப் போகும் வழியில் ஓடி வந்து உதவிவிட்டுப் போவாள். ஒரு காலை, புரையேறிய மனைவியின் தலையில் நான் தட்டி, தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தபோது அவள் உள்ளே வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தாத்தா, தண்ணி வேணாம். அங்க முழுங்கக் கத்துக்குடுக்க வர்ற மேடம் இதப் பாத்தா உங்களப் போலீஸ்ல புடிச்சிக் குடுக்கும்."

தண்ணீர்தான் எல்லாவற்றையும் விட வேகமாக மூச்சுக் குழாய்க்குள் போகுமாம். தலையில் தட்டினால் தலை பின்னால் சாய்ந்து வழி இன்னும் திறக்குமாம். நான் நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் பார்த்தேன். எத்தனை டம்ளர், எத்தனை தட்டு.

பிறகு அவள் தான் பார்த்துக் கற்றதைச் செய்து காட்டினாள். முதுகை நிமிர்த்து. அரை ஸ்பூன் போதும். தாடையை நெஞ்சுக்கு இறக்கு. தலையை இடது பக்கம் திருப்பு. "ஆமேலே நுங்கணும், ரெண்டு தபா," என்றாள். பிறகு விழுங்க வேண்டும், இரண்டு தடவை என்று அர்த்தம். அவசரத்தில் அவளுக்குக் கன்னடம் கலந்துவிடும். அப்புறம் வாயைத் திறந்து கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரைக் கெட்டியாக்க ஒரு மாவு டப்பா அந்த வீட்டுக்கு வருகிறது. நமக்கு அது எதற்கு, ராகிக் கூழைச் சரியாகக் காய்ச்சினால் ஸ்பூனைச் சாய்க்கும்போது அதே மாதிரிதான் விழுகிறது, நான் பார்த்துவிட்டேன் என்றாள். அந்த வீட்டு ஸ்பூனையும் தன் வீட்டு ஸ்பூனையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். எங்கள் பிரிவில் இருந்திருந்தால் இரண்டே வருடத்தில் சூப்பர்வைசர் ஆக்கியிருப்பேன்.

நான் உடனே வேலையில் இறங்கினேன். கட்டிலைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் அவளுக்கு இடது கைப் பக்கம் வரும்படி செய்தேன். வெளிச்சத்தைப் பார்த்துத் தலை தானாகத் திரும்பும். ஒரு துண்டை எட்டாக மடித்துக் கழுத்தின் வலப் பக்கம் முட்டுக் கொடுத்தேன். கம்பெனியில் ஒரு பாகத்தை அசையாமல் பிடிக்க இப்படித்தான் முட்டு வைப்போம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அறுபத்தைந்து அரை ஸ்பூன்கள், நூற்று முப்பது விழுங்கல், ஐம்பது நிமிடம். முதல் வாரமே இருமல் பதினெட்டிலிருந்து ஏழுக்கு வந்தது.

ஆனாலும் கேள்வி அறிவு கேள்வி அறிவுதான். அந்த மேடம் ஒரு தடவை, பத்தே நிமிடம், இவளைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வியாழக்கிழமை மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் போனேன். நான் போவதைக் கடைசி வீட்டுப் பெண்ணிடம் சொல்லவில்லை. அவள் வேலைக்கு ஆபத்து வரும்.

காவலாளி ஊத்தங்கரைக்காரர். என் மனைவி ஆட்டோவிலிருந்து ஏதோ முனகியதிலேயே தன் ஊர்க்காரி என்று கண்டுபிடித்துவிட்டார். தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்து, நோட்டை என்னிடம் நீட்டினார்.

"எதுக்கு வந்தீங்கன்னு எழுதணும் பெரியவரே. எழுதாம வுட்டா என்னத் திட்டுவாங்க."

எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள் பார்சல், பார்சல், ஏசி ரிப்பேர், பார்சல் என்று எழுதியிருந்தார்கள். நான் "விழுங்க" என்று எழுதினேன். அவர் வாசித்தார். மேலே போன் போட்டுப் பேசினார். அந்த வீட்டு மகன் மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம்: இது அம்மாவுக்கான நேரம், வேண்டுமானால் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஐம்பத்திரண்டு நிமிடம் காத்திருந்தோம். அந்த மேடத்தின் கார் வெளியே வந்தபோது காவலாளி தடுப்புக் கட்டையைத் தூக்காமல், ஏதோ கோளாறு போலக் கொஞ்சம் தாமதித்தார். அவரால் முடிந்தது அது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவர் சின்னப் பெண், என் மகனைவிட இளையவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பரிசோதிக்காமல் ரோட்டில் வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரி அட்டையைக் கொடுத்தார். போகும்போது, நாற்காலியில் இருந்த என் மனைவியைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா அஜ்ஜி?" என்றார். சாப்பாடு ஆயிற்றா பாட்டி என்று அர்த்தம்; அந்தப் பக்கத்தில் எல்லோரும் எல்லோரையும் இப்படிக் கேட்பார்கள்.

"ஆச்சு," என்றாள் என் மனைவி. அன்று அவள் தெளிவாகப் பேசிய ஒரே சொல்.

போன் செய்ததில் நாற்பத்தாறு நாள் கழித்து நேரம் கிடைத்தது. அந்த நாற்பத்தாறு நாளும் நான் முறை தவறவில்லை. இருமல் ஐந்தானது, மூன்றானது, பிறகு ஒரு நாளைக்கு ஒன்று. நோட்டின் பக்கங்கள் காலியாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எடை மட்டும் நாற்பதுக்கு வந்திருந்தது. தராசு பழசு என்று எடுத்துக்கொண்டேன்.

அத்திப்பள்ளி நெரிசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்று, வாடகைக் காரில் அந்தப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் காப்பீட்டு அட்டையைக் கவுண்ட்டரில் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இங்கே எடுக்காது என்று கொடுத்துவிட்டார்கள். அதே பெண்தான் பார்த்தார். என் மனைவியின் தொண்டையில் இரண்டு விரல் வைத்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். அது வலப்பக்கம் சாய்ந்து வந்தது. நான் இத்தனை நாளும் அந்த வாய்க்குள் பார்த்தவன்; நாக்கு சாய்வதைக் கவனிக்கவில்லை. எப்படி ஊட்டுகிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். பையிலிருந்து கூழ், ஸ்பூன், துண்டு மூன்றையும் எடுத்து, பெருமையாகவே செய்து காட்டினேன். மூன்றாவது ஸ்பூனில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"லெஃப்டுல திருப்பச் சொன்னது யாரு சார்? இவங்களுக்கு வீக்கா இருக்கறது ரைட் சைடு. வீக்கா இருக்கற பக்கந்தான் திருப்பணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த அபார்ட்மெண்ட் அம்மாளுக்கு இடப்பக்கம் தொண்டை பலவீனம். இடப்பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் அடைபட்டு, சாப்பாடு நல்ல பக்கமாக இறங்கும். என் மனைவிக்கு எப்போதோ யாரும் கவனிக்காமல் சின்னதாக ஒரு வாதம் வந்து போயிருக்கிறது. அவளுக்கு வலது பக்கம். நான் ஒவ்வொரு வேளையும், துண்டு முட்டுக் கொடுத்து, ஜன்னலைக் காட்டி, அத்தனையையும் கெட்ட பக்கமாகவே அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் பிசகாமல்.

"நானாத்தான் திருப்பினேன்," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்டில் நின்ற கிழவன் என்று அடையாளம் தெரிந்திருக்கும். அப்போது நான் நோட்டைக் காட்டி, ஆனால் இருமல் குறைந்திருக்கிறதே என்றேன். குறைந்தது நல்லதுக்கு என்று சொல்ல முடியாது என்றார். உள்ளே போவதைத் தடுக்க உடம்பு இருமுகிறது. உடம்புக்கு அதுவும் மறந்து போனால் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். காய்ச்சலாக வரும். எடையாக இறங்கும்.

முப்பத்தொரு வருடம் நான் அளந்து தேறியது என்று போட்ட பாகங்களில் ஒன்று கூட இப்படித் திரும்பி வந்ததில்லை.

வாரம் ஒரு தடவை கூட்டி வாருங்கள், எக்ஸ்ரேயில் விழுங்குவதைப் படம் பிடித்துப் பார்ப்போம், வாயாலேயே சாப்பிட வைக்க இன்னும் வழி இருக்கிறது என்றார். மூக்கில் குழாய் வைத்து ஊட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்றார். வாயாலேயே சாப்பிட வழி இருக்கிறது என்றதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். கட்டிலை மறுபடி திருப்பிப் போட்டேன். இப்போது ஜன்னல் அவளுக்கு வலது கைப் பக்கம். ஆனால் அவள் இடப்பக்கமே திரும்பினாள். எல்லாவற்றையும் மறந்தவள் நான் பழக்கியதை மட்டும் மறக்கவில்லை. ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டதும் வாய் திறக்கும், தலை இடப்பக்கம் போகும்.

இரண்டாம் தடவை போய் வந்தோம். மூன்றாம் தடவைக்கு முந்தைய நாள் காய்ச்சல் நூற்று மூன்று. இந்தப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நுரையீரலில் கூழ் போய்த் தங்கியிருந்தது. பதினோரு நாள். இரண்டாம் நாளே மூக்கில் குழாய் போட்டார்கள். அங்கே வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ். ஐம்பது நிமிடம் உட்கார்ந்து அரை ஸ்பூனாக ஊட்ட யார் இருக்கிறார்கள்? அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. குழாயை எடுக்கலாமா என்றால், விழுங்குகிறாளா என்று பரிசோதித்தவர் சொன்னால் எடுக்கிறோம் என்கிறார்கள். பரிசோதிப்பவர் பெங்களூரில். படுக்கையில் கிடப்பவளை, குழாயோடு, அந்த நெரிசலில் கொண்டுபோக முடியாது. போனில் அந்தப் பெண் இரண்டு தடவை பொறுமையாகப் பேசினார். பார்க்காமல் தன்னாலும் சொல்ல முடியாது என்றார். எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

கடைசி வீட்டுப் பெண் இன்னும் காலையில் வந்து போகிறாள். இடது பக்கத்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். போன மாதம் குழாயின் பிளாஸ்திரியை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "அங்க அந்தம்மா நேத்து ரெண்டு இட்லி துன்னுச்சி தாத்தா. அதே மாரிதான நம்மளும் பண்ணோம். நம்ம அஜ்ஜிக்கு மட்டும் ஏன் ஆவல?"

ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி என்றேன். அது உண்மைதானே.

குழாயை என் மனைவி மூன்று தடவை பிடுங்கிவிட்டாள். திரும்பப் போடும்போது மூக்கில் ரத்தம் வந்தது. அதனால் பழைய தலையணை உறையை வெட்டி அந்தப் பெண் இரண்டு பைகள் தைத்துக் கொடுத்தாள். கைகளை அதற்குள் விட்டு, நாடாவைக் கட்டில் கம்பியில் கட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு இருநூறு மில்லி, ஐம்பது மில்லி ஊசிக் குழாயில் நான்கு தடவை. சாப்பாடு இப்போது ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இருமல் இல்லை. நோட்டை நிறுத்திவிட்டேன்.

என் சாப்பாட்டை நான் சமையலறையில், அவள் கண்ணில் படாமல், ஸ்பூன் இல்லாமல் சாப்பிடுகிறேன். சத்தம் கேட்டால் அவள் வாயைத் திறப்பாள். போன வாரம் ஒரு மதியம் கரண்ட் இல்லை. சமையலறையில் புழுக்கம் தாங்காமல், அவள் கண் மூடியிருக்கிறாள் என்று நினைத்து, தட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன். ராகிக் களிதான். கிழவனுக்கு அது ஒன்றுதான் செய்யச் சுலபம். இரண்டாவது உருண்டையில் எனக்குப் புரையேறியது. மூச்சு நின்று, கண் இருண்டு, பலமாக இருமினேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண் திறந்திருந்தது. பைக்குள் இருந்த வலது கை நாடாவை இழுத்துக்கொண்டிருந்தது.

நாலாவது தடவை குழாயைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். இருமிக்கொண்டே எழுந்து, நாடாவைக் கம்பியில் இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினேன். மறுபடி உட்கார்ந்தேன். இருமல் நிற்கவில்லை. அந்தக் கை குழாய்ப் பக்கம் போகவே இல்லை. என் பக்கமாக, கட்டில் கம்பிக்கு வெளியே, எட்டிய மட்டும் வந்தது. என் தலைக்கு ஒரு சாண் மேலே, காற்றில், மெதுவாக ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு தடவை.

அவிழ்த்துவிடலாமா என்று பார்த்தேன். அவிழ்த்தால் குழாய்.

இன்னொரு தடவை முடிச்சைச் சரிபார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மணி இரண்டு ஐம்பது. அடுத்த இருநூறு மில்லி ஐந்து மணிக்கு.